இரண்டு அட்டைக்கு ஒரு சாவி

நூலகத்தின் பின்னால் இரண்டு டென்னிஸ் திடல்கள் இருந்தன. இரண்டுக்கும் பூட்டு உண்டு. புத்தகம் எடுப்பது போலவே சாவியையும் எடுக்க வேண்டும். ஆடும் இருவரும் தங்கள் நூலக அட்டையைக் காட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சாவியும், மட்டை இல்லாதவருக்கு மட்டையும் கிடைக்கும். யாரும் மறதியாகப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதபடி, உடைந்த மட்டையின் கைப்பிடி ஒன்றில் சாவியைக் கட்டியிருந்தார்கள்.

நோரீனிடம் அட்டை இருந்தது. கூட ஆட ஆள்தான் இல்லை. அவளுடைய தோழி போன மாதம் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள்.

"ஒத்தை அட்டைக்குச் சாவி கிடையாது கண்ணு," என்றார் நூலகர் ஹேட்லி அம்மா. "நானே வந்துடுவேன். என் முழங்கால் வரமாட்டேங்குதே."

அதனால் நோரீன் நூலகத்தின் பின்சுவரோடு ஆடினாள். சுவர் ஒருநாளும் தோற்கவில்லை.

மரம் அறுக்கும் ஆலையில் வேலை முடிந்து, தலையெல்லாம் மரத்தூளோடு ஒலெட் என்ற பெரியவர் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். சற்று நின்று பார்ப்பார். பந்து உருண்டு வந்தால் எடுத்துத் தருவார். ஒருநாள் நோரீன் மட்டையை நீட்டினாள். பத்து முறை அடித்தார். பத்து முறையும் பந்து ஒரே செங்கல்லில் பட்டது.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"சின்ன வயசுல ஒரு பணக்காரர் வீட்டுத் திடல்ல பந்து பொறுக்கிப் போட்டேன். அவங்க சாப்பிடப் போனதும் நானும் தம்பியும் ஆடுவோம்."

"அப்போ அட்டை எடுங்க. நாம ஆடலாம்."

"கண்ணாடி வீட்ல இருக்கு. நாளைக்குப் பார்க்கலாம்."

மறுநாள் கை அழுக்காக இருக்கிறது என்றார். அதற்கு மறுநாள் நேரமாகிவிட்டது என்றார். சின்னப் பெண்ணோடு ஆட அவருக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று நோரீனுக்கு வருத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை திடலுக்கு வெளியே இருந்த பெஞ்சுக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். 'ஈரம். உட்காராதீர்கள்' என்று ஒரு தாளும் ஒட்டியிருந்தது. ஒலெட் களைத்து வந்தார். தாளை ஒரு நிமிடம் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

திடலுக்குள் ஆடிக்கொண்டிருந்த ஓர் அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். "யோவ் பெருசு, இவ்ளோ பெரிய எழுத்து கூடவா தெரியல?"

ஒலெட்டின் காது சிவந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

நோரீன் தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வீட்டிலிருந்த கண்ணாடி, அழுக்குக் கை, நேரமாகிப்போன நாள், எல்லாம் அவளுக்கு விளங்கியது. நேராகப் போய் அவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏய், ஈரம்!" என்றார் ஒலெட்.

"தெரியும். எனக்குக் கால் வலிக்குது."

"உங்கம்மா உன் தோலை உரிப்பாங்க."

"உங்களையும் திட்ட ஆள் இருக்கா?"

"இல்ல. நான் தப்பிச்சேன்." ஒலெட் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தத் தாள்ல என்னதான் எழுதியிருக்கு?"

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க," என்றார்.

ஒலெட் நூலகத்தின் கதவைப் பார்த்தார்.

"அந்த அட்டைக்கு நிறைய எழுதணுமோ?"

"நாலு வரி. எனக்கே அம்மாதான் எழுதினாங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். கையெழுத்து மட்டும் நீங்க போடணும்."

"பேரு எழுதுவேன்," என்றார் ஒலெட். "அது நல்லா வரும்."

நூலகத்துக்குள் ஹேட்லி அம்மா இருவரின் பச்சை முதுகையும் பார்த்தார். "நாற்காலி பக்கம் மட்டும் போயிடாதீங்க," என்று படிவத்தை நீட்டினார்.

நின்றபடியே எழுதினார்கள். ஒலெட் தன் பெயரை நிதானமாக எழுதினார். புது அட்டையை வாங்குமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இதுல புத்தகமும் எடுக்கலாம்," என்றார் ஹேட்லி அம்மா.

"முதல்ல சாவி," என்றார் ஒலெட். இரண்டடி நடந்து திரும்பினார். "புத்தகத்துக்கு நாளைக்கு வரேன். நிஜமாவே வரேன்."

அண்ணன் தம்பி இருவரும் வெளியே வரும்போது இவர்கள் உள்ளே போனார்கள். இரண்டு முதுகிலும் ஒரே மாதிரி மூன்று பச்சைக் கோடுகள்.

"என்னது, டீம் டிரெஸ்ஸா?"

"ஆமா," என்றாள் நோரீன். "உங்க அளவுல இல்ல."

ஒலெட் பந்தை ஒருமுறை தரையில் தட்டிப் பிடித்தார். "தயாரா?"