வியர்வை அறையில் முடிவான பதவி

விடிந்ததும் இரவில் படுத்த விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வியர்வை அறை வரிசையில் போய் நிற்பது செம்பாறைக் குவிமாடத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். செவ்வாயில் தண்ணீரைத் தோண்டி எடுப்பதைவிட மனிதரிடமிருந்து பிழிந்து எடுப்பது சுலபம். இயந்திரம் விரிப்பை உறிஞ்சிவிட்டு, இன்னாருக்கு இத்தனை கிராம் என்று எல்லார் கண்ணிலும் படும்படி பலகையில் காட்டும். ஒரு பெண்ணுக்கு எடை குறைந்தால், அவள் ராத்திரி எங்கே படுத்தாள் என்ற கேள்வி எழும். கூடினால், தூக்கம் கெடும் அளவுக்கு அவளுக்கு என்ன கவலை என்று கேட்பார்கள். இரண்டு நாள் ஒரே எடை காட்டினால் அது இன்னும் சந்தேகத்துக்குரியது.

அன்று வெயினியின் பெயருக்கு நேரே தொண்ணூறு கிராம் கூடுதலாக இருந்தது.

“என்னடி, ராத்திரி முழுக்க நடந்தியா?” என்றாள் பக்கத்து அறை திலோத்தமை. அவளுக்குப் பலகையைப் படிக்க மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டதே இல்லை.

“தூக்கம் வரலக்கா.”

“எப்படி வரும்? இது மூணாவது தடவை இல்ல?”

வெயினிக்கு இருபத்தெட்டு வயது. ஆறு வருடமாகக் காற்று நிலையத்தில் வால்வுகளைப் பார்த்துக்கொள்கிறாள். காற்று மேலாளர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்துத் தோற்றிருந்தாள். மூன்றாவது முறையும் தோற்றால் விதிப்படி நிலையத்தைவிட்டே வெளியேற வேண்டும். ஓய்வு பெறும்வரை பாசித் தொட்டி கழுவும் வேலைதான். தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அவளுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. இருபத்தொரு வயதான எல்லாப் பெண்களுக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு செவித்தோழியைப் பொருத்திவிடுவார்கள். முன்னேற நினைக்கும் பெண் என்ன உடுத்த வேண்டும், எந்தக் குரலில் பேச வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஆண்களுக்கு இந்த வசதி கிடையாது. பாவம், அவர்கள் போட்டிருந்த சட்டையோடு போய் வேலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் பதவியோடு திரும்பிவிடுவார்கள்.

முதல் தேர்வுக்குச் செவித்தோழி மஞ்சள் உடுத்தச் சொன்னது, சிரித்த முகமாக இருக்கச் சொன்னது. தோற்றாள். அடுத்ததற்குச் சாம்பல் நிறம், சிரிக்கவே கூடாது என்றது. அதிலும் தோற்றாள். இந்த முறை, “இளநீலம் உடுத்து. பதில் தெரிந்தாலும் யோசிப்பதுபோல் இரு. பாதி மட்டும் சிரி” என்றது. கண்ணாடி முன் நின்று பாதிச் சிரிப்பைப் பழகும்போதுதான் வெயினிக்கு உறைத்தது. இது உண்மையில் யாருடைய தோழி?

செவித்தோழிகளைப் பழுது பார்க்கும் சவரிமுத்துவிடம் அன்றே போனாள்.

“அண்ணே, இதுக்குள்ள யாரோ உக்காந்துகிட்டு என்னைக் கவுக்கப் பாக்குறாங்க.”

சவரிமுத்து அதைத் திரையோடு இணைத்துச் சிறிது நேரம் பார்த்தார். “யாரோ ஒருத்தர் இல்லம்மா. எல்லாருமே உக்காந்திருக்காங்க.”

“புரியுற மாதிரி சொல்லுங்கண்ணே.”

“வியர்வை அறைச் சுவத்துல, பேசுறதையெல்லாம் கேக்குற ஒட்டுச்செவி பதிச்சிருக்கு. அங்க அதிகம் பேர் எதைப் பேசுறாங்களோ, அதை இது அறிவுரையாக்கி உன் காதுல ஊதுது. முதல்ல நீ தோத்ததும், ‘பல்லைக் காட்டுனா எவன் மதிப்பான்’னாங்க. அதனால சிரிக்காதேன்னுச்சு. அப்புறம் ‘மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா எவனுக்குப் பிடிக்கும்’னாங்க. ரெண்டையும் கூட்டி வகுத்துப் பாதி போட்டிருக்கு.”

திரையில் ஓடிய பேச்சில் முக்கால்வாசி திலோத்தமையின் குரல். வெயினி அதைக் கவனித்துக்கொண்டாள்.

“சரி, தேர்வாளன் எதைப் படிக்குது?”

சவரிமுத்து எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மனிதர்கள் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கிறார்கள் என்பதற்காகத்தான் தேர்வு வேலையைத் தேர்வாளன் என்ற இயந்திரத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். குவிமாடத்தில் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சட்டம் அது.

“அதுவும் அதே ஒட்டுச்செவியைத்தான் படிக்குது. அறிக்கைல பொய் எழுதுவாங்க, அரட்டைல எவனும் பொய் சொல்ல மாட்டான்னு செஞ்சவங்க நம்பியிருக்காங்க.”

“என்னோட வேலைப் பதிவேடு?”

“பத்திரமா இருக்கு. ஆறு வருஷமா ஒருத்தரும் திறக்கல.”

மறுநாள் வரிசையில் வெயினி உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். “போன மாசம் வடக்கு வால்வு கசிஞ்சப்ப பதினோரு நிமிஷத்துல நான்தான்க்கா அடைச்சேன். இன்னும் நாலு நிமிஷம் போயிருந்தா பாதிப் பேரு எந்திரிச்சிருக்க மாட்டோம்.”

“தன்னைத் தானே புகழ்ந்துக்கிட்டா நல்லாவா இருக்கு?” என்றாள் திலோத்தமை.

“கூட யாராவது ஆம்பளை இருந்திருப்பாங்க” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பேச்சு அதோடு வேறு வீட்டு விரிப்புக்குப் போய்விட்டது.

அதற்கடுத்த நாள் வெயினி திலோத்தமையின் காதருகே குனிந்தாள். சுவருக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பதவி எனக்குத்தான்னு முடிவாயிருச்சு. மேல ஒருத்தர் இருக்கார்.”

“யாருடி அவரு?”

வெயினி பாதி மட்டும் சிரித்தாள்.

மதியத்துக்குள் அது மூன்று தெருக்களைத் தாண்டியது. இரண்டாம் நாள் அந்த ஒருத்தருக்கு மீசை முளைத்தது. நான்காம் நாள் பூமியில் ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வெயினியின் எடை நாற்பது கிராம் குறைந்த காலையில், அவர் எந்த மாடியில் குடியிருக்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது. “பதவி அவளுக்குத்தானாம்” என்று தொடங்காத வாயே இல்லை. வேறு பெயரை யாரும் மறந்தும் சொல்லவில்லை.

தேர்வு நாளன்று வெயினி கிரீஸ் படிந்த வேலைச் சட்டையோடு நேராக நிலையத்திலிருந்து போனாள். தேர்வாளன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“ஆயிரத்து நானூறு பேர் ஒரே முடிவைச் சொல்கிறார்கள். இதற்குமுன் யாருக்கும் இவ்வளவு ஒற்றுமை கிடைத்ததில்லை. இனி நீங்கள்தான் காற்று மேலாளர்.”

பதவியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவளால் முடியவில்லை.

“ஒரே ஒரு தடவை என் பதிவேட்டைத் திறந்து பாருங்க. நான் இந்த வேலைக்குச் சரியான ஆளுதான்.”

“தேவையில்லை. உங்கள் வேலையைப் பற்றி யாருமே எதுவும் பேசவில்லை.”

மறுநாள் காலை வியர்வை அறையில் எல்லோரும் அவளுக்கு வழிவிட்டார்கள். திலோத்தமை கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல. மேல ஆள் இல்லாம நடக்குமா?”

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று வெயினி நினைத்தாள். “மேல யாருமே இல்லக்கா. அது நானே கட்டிவிட்ட கதை. அந்த வடக்கு வால்வை அடைச்சது மட்டும்தான் நிஜம்.”

வரிசையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாத்தியா,” என்றாள் திலோத்தமை பின்னால் திரும்பி, “எவ்வளவு பக்குவமா அவரைக் காப்பாத்துறா.”

சற்று நேரத்தில், முன்னேறத் துடிக்கும் எல்லா இளம்பெண்களின் காதிலும் செவித்தோழி புதிய அறிவுரை ஒன்றைச் சொன்னது. மேலாளர் நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்த வெயினிக்கும் அது கேட்டது.

“முதலில் மேலே ஒருவரைப் பிடி. யாரென்று கேட்டால், இல்லவே இல்லை என்று சொல்லிவிடு.”