வட்டத்துக்குள்ள ஆளு

சுத்தியோட மரப்பிடியால சின்னவன் தட்டிக்கிட்டே வந்தான். டக், டக், டக்னு கெட்டியா வந்த சத்தம், பழைய மீன்பிடி போட்டோட வலது பக்கத்துல ஒரு எடத்துல மட்டும் தொப்புனு அமுங்குச்சு. நனைஞ்ச தலகாணியத் தட்டுன மாதிரி. ஃபைபருக்குள்ள தண்ணி எறங்கியிருந்தா இப்படித்தான் கேக்கும். அவனுக்குத் தெரியாததா, அஞ்சு வருசமா ஃபைபர் ஒட்டுற வேலைதான பாக்குறான்! ஆனா தண்ணி எறங்குன எடம் சில்லுனுல்ல இருக்கணும்? இது ஒடம்புச் சூட்டுல இருந்துச்சு.

சாக்பீஸால அங்க ஒரு வட்டம் போட்டான்.

தகர ஷெட்டு. மத்தியான வெயில்ல கூரை படீர் படீர்னு விரியுற சத்தம், ரெசின் பசை நாத்தம், பழைய டீசல் நாத்தம், அதுக்கெல்லாம் அடியில வேற ஒண்ணு, ஈரத்துணிய மூட்டை கட்டி ரொம்ப நாள் கழிச்சுப் பிரிச்சா குப்புனு வருமே, அது. ஸ்டாண்டு மேல நின்ன போட்டுக்குள்ள அண்ணன் அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே இருந்தான்.

"டேய், இங்க ஐஸ்பெட்டி. பின்னாடி இஞ்சினு. முன்னாடி பெருசா உங்க அண்ணி பேரு. எப்படி?"

"பேரு மட்டும் எதுக்கு? போட்டோவும் ஒட்டிரு."

"பொறாமைடா உனக்கு!"

அண்ணன் சும்மா சிரிச்சுக்கிட்டுதான் சொன்னான். சின்னவனுக்குச் சிரிப்பு வரல. போட்டு வேணும்னு மொதல்ல கேட்டது இவன். மூணு வருசமா கேட்டான். "நீ ஒட்டுற வேலையைப் பாருடா, போதும்"னு அப்பா முடிச்சுட்டாரு. அண்ணன் ஒரே ஒரு தடவை கேட்டான், அப்பா இதை வாங்கிக் குடுத்துட்டாரு. நாளைக்குக் காலையில இஞ்சினை மாட்டி, தனியா கடலுக்கு எடுத்துட்டுப் போகப் போறான். இன்னைக்கு இவனுக்கு என்ன வேலை? தேறுமா தேறாதான்னு சொல்லணும். விருந்து அவங்களுக்கு, உப்பு பாக்க மட்டும் இவன்.

தட்டுனான். தொப். வட்டம். கொஞ்சம் தள்ளி, தொப். வட்டம். பழுது இப்படி வரிசையா போகாதே? அடிபட்ட எடத்துலதான இருக்கும்? இன்னும் கீழ. தொப். தொப்.

நாலடி பின்னாடி வந்து வட்டத்தையெல்லாம் சேத்துப் பாத்தான்.

தலை. தோளு. இடுப்பு. மடக்கி வச்ச முழங்கால்.

ஒருக்களிச்சுப் படுத்திருந்துச்சு.

"என்னடா சத்தத்தையே காணோம்? தேறுமா?"

தேறாது. அலையில ரெண்டு அடி வாங்கினா அந்தப் பக்கம் அப்படியே பொளந்துக்கும். ஒரு வார்த்தைதான், சொல்லிட்டா முடிஞ்சுது. மேல அண்ணன் விசிலடிச்சுக்கிட்டு, அண்ணி பேரு எவ்வளவு நீளம் வரும்னு சாண் போட்டு அளந்துக்கிட்டிருந்தான்.

சின்னவன் வேஸ்ட் துணியை எடுத்து எல்லா வட்டத்தையும் துடைச்சான்.

"கல்லு மாதிரி இருக்குண்ணே."

"அப்ப லைட்டு டெஸ்டும் பண்ணிருவோம். நீ சொல்லிக் குடுத்ததுதான?"

உள்ள லைட்டை வச்சு, வெளிய இருட்டாக்கினா, பெயிண்ட்டு சுரண்டுன ஃபைபர் வெளிச்சத்தை விடும். பழுதான எடம் மட்டும் கறுப்பா நிக்கும். வேணாம்னா அண்ணனுக்குச் சந்தேகம் வந்துரும். போய் ஷெட்டுக் கதவை இழுத்து மூடினான்.

அண்ணன் உள்ள லைட்டை ஏத்த, போட்டு முழுக்க மஞ்சளாச்சு. உள்ள இருக்குற நூல் பின்னல் ஒண்ணொண்ணா தெரிஞ்சுது. நடுவுல அண்ணனோட நிழல். சின்னவன் வலது பக்கத்தைத் தேடுனான்.

கறுப்பே இல்ல. சுத்தமா இருந்துச்சு.

அப்ப அது எங்க?

அண்ணன் நிழலுக்குப் பின்னாடி. மெதுவா. எந்திரிச்சு உக்காந்துக்கிட்டிருந்துச்சு.

"அண்ணே... உன் பக்கத்துல..."

"பக்கத்துல நிறைய எடம் இருக்குடா! கால நீட்டிப் படுக்கலாம் போல."

எறங்குண்ணே. அவ்வளவுதான் சொல்லணும். தொண்டை வரைக்கும் வந்துச்சு. நிறைய எடமாம்! படு. நல்லா படு.

அண்ணன் படுத்தான்.

விசில் நின்னுச்சு.

"அண்ணே?"

ஏணி. ஏறினான். உள்ள லைட்டு எரிஞ்சுது. ஒரு ஜோடி செருப்பு. வேற ஒண்ணுமில்ல.

எறங்கல, விழுந்தான். நிமிர்ந்து பாத்தான்.

வலது பக்கம். மஞ்சள் வெளிச்சம். பின்னலுக்குள்ள அண்ணன். ஒருக்களிச்சு. முதுகோட ஒட்டி அது, முழங்காலை மடக்கி, ஒரு கையை அண்ணன் நெஞ்சு மேல போட்டு. உள்ளேருந்து அண்ணனோட அஞ்சு விரலும் ஃபைபரைப் பெசஞ்சுது. சின்னவன் அது மேல உள்ளங்கையை வச்சான்.

அப்பயும் மொதல்ல வந்தது பயமில்ல.

தட்டித் தட்டி எழுப்பினது நான். இதுவும் எடுத்துக்கிட்டது அவனைத்தான்.

உள்ள அந்தக் கறுப்புக் கை நகந்து வந்து, அண்ணனோட விரலை ஒவ்வொண்ணா, அவசரமே இல்லாம, மடக்கி மூட ஆரம்பிச்சுது.