கிடங்கு வாசலில் காணாமல் போனவர்கள்

"சாயங்காலத்துக்குள்ள பொம்மைங்க வரலைன்னா போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவேன்னு மேலாளர் சொல்லிட்டார் ஐயா. எடுக்காததை எங்கேருந்து கொடுப்பேன்?"

குட்டி ஊர்க் கண்காட்சியின் காவலாளி துப்பறிவாளர் வீட்டில் நின்றுகொண்டே பேசினார். வெள்ளைக்காரர் காலத்து ஊர் ஒன்றை முழங்கால் உயரத்தில் கட்டிவைத்திருக்கும் இடம் அது. துரை பங்களா உண்டு, துறைமுகம் உண்டு. கூலி கேட்டதற்காகச் சுடப்பட்ட தொழிலாளர்கள் கிடங்கு வாசலில் பொம்மைகளாக விழுந்து கிடப்பார்கள். அவர்களைத்தான் காணோம்.

"நேத்து பராமரிப்புன்னு மூடியிருந்தாங்க. நான் கேட்டுலயே இருந்தேன். செத்தவங்கள்ல ஒருத்தர் எங்க கொள்ளுத்தாத்தான்னு வர்றவங்ககிட்டச் சொல்வேன். அதனால நான்தான் எடுத்தேங்கிறார்."

"முடிஞ்சுது அத்தான்! பாசத்துல எடுத்திருக்கார்," என்றான் துப்பறிவாளரின் மைத்துனன். அவனுக்கு வாய் முந்தும், கண் பிந்தும்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே பிள்ளைக்குப் பேர் வைக்காதே மாப்பிள்ளை. வா, பார்ப்போம்."

கண்காட்சியில் துப்பறிவாளர் பங்களாத் தோட்டத்துத் துரை பொம்மையை மெல்ல உருவினார். காலடிக் கம்பியோடு வந்தது. தரையில் துளை தெரிந்தது. கிடங்கு வாசலில் துளையே இல்லை. வெயிலில் வெளுத்த புல்தரையில் அந்த இடம் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது; சாய வாடை அடித்தது. எதிரே வரிசையாக நின்ற சிப்பாய்கள் நெற்றியில் கைவைத்து சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க இப்படியா நிப்பாங்க?"

"இல்லீங்க! சுடுறாப்பல நிப்பாங்க," என்றார் காவலாளி திகைத்துப்போய்.

மேலாளர் அறைக்கு, பொம்மை செய்பவரையும் துப்பறிவாளர் வரவழைத்தார்.

"திருடன் பிடுங்கிட்டு ஓடுவான். துளையை அடைச்சு, புல் ஒட்டி, சாயம் பூசிட்டா போவான்? சிப்பாய் கையை மாத்தி ஒட்ட அவனுக்கு என்ன வேண்டுதல்? செத்தவங்க இல்லைன்னா, இவங்க யாரைச் சுடுறாங்கன்னு கேள்வி வரும். சுட்டதையே மறைக்க நினைச்சவர் சொல்லித்தான் இது நடந்திருக்கு. செஞ்சது தொழில் தெரிஞ்ச கை. அரைகுறையா விட அதுக்கு மனசு வரலை."

பொம்மை செய்பவர் தலைகுனிந்தார். "மேலாளர்தான் சொன்னார். இன்னிக்கு வர்ற விருந்தாளி, சுடச் சொன்ன அந்தக் கிடங்குத் துரையோட கொள்ளுப்பேரன். இந்த இடத்தைப் பெரிசாக் கட்டித் தர்றாராம்."

"அதுக்கு இவர் தலையிலயா பழியைப் போடுவீங்க?" மைத்துனன் கொதித்தான்.

"பார்க்க வர்றவங்க பொம்மைங்க எங்கேன்னு கேப்பாங்களே! திருடு போச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்க." மேலாளருக்கு வெட்கம்கூட வரவில்லை. "சரி, போலீஸ் வேண்டாம். வேலையில இருந்துட்டுப் போகட்டும். வாயை மட்டும் திறக்கக் கூடாது."

"பொம்மைங்க எங்கேங்க?" என்றார் காவலாளி.

"குப்பையோட எரிச்சாச்சு."

காவலாளியின் கொள்ளுத்தாத்தாவை இரண்டாம் முறையும் கொன்றுவிட்டார்கள்.

"நீங்க சரின்னு சொன்னா, பத்திரிகையில நான் சொல்றேன்," என்றார் துப்பறிவாளர்.

"வேண்டாங்க. பிள்ளைங்க படிக்குது."

வெளியே வந்ததும் மைத்துனன் கேட்டான். "கண்டுபிடிச்சு என்ன அத்தான் புண்ணியம்?"

உண்மையைக் கண்டுபிடிப்பது சுலபம், அதை வைத்துக் குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம் என்று துப்பறிவாளருக்குத் தெரியும்.

அப்போது விருந்தாளியின் கார் வந்தது. காவலாளி ஓடிப்போய் கேட்டை அகலத் திறந்தார். கார் உள்ளே போகும்வரை நெற்றியில் வைத்த கையை எடுக்கவில்லை.