பொறி கேட்டது, ஊர் வேண்டாம் என்றது

புயல் கரையைக் கடந்த பதினோராவது மணி நேரத்தில், நாகை நகரின் குடிநீர்த் தேவை பூஜ்யம் என்று கேட்புப்பொறி பதிவு செய்தது.

துறைமுகச் சுங்க அதிகாரி பூங்கோதை அந்த வரியை இரண்டு முறை படித்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்க உப்புத் தண்ணீர். இரண்டு கல் தொலைவில், கிழக்குத் தீவு நாட்டுக் கப்பல் ஒன்று நீர்தேற்றியோடும் ஆறு தொழில்நுட்பர்களோடும் காத்திருந்தது. உப்பு நீரை மணிக்கு நாற்பதாயிரம் லிட்டர் குடிநீராக்கும் கருவி அது.

பதினான்கு வருடங்களுக்கு முந்தைய புயலில் இப்படி வந்த கருவி, அனுமதித் தாள்களுக்காக இதே துறைமுகக் கிடங்கில் பத்தொன்பது நாள் கிடந்தது. அதே வாரம் யாருமே கேட்காத கம்பளிக் கோட்டுகள் நான்கு கொள்கலன் நிறைய வந்து இறங்கின. நாகை வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு! இரண்டுக்கும் சேர்த்து முடிவு கட்டத்தான் பேரிடர் உதவி ஏற்புச் சட்டம் வந்தது. விசா, சுங்க வரி விலக்கு, அயல்நாட்டு வல்லுநர் உரிமம் எல்லாம் இப்போது ஒன்பது நிமிடத்தில் கிடைத்துவிடும். ஆனால் பதினான்காம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் எதையும் இறக்கக் கூடாது. அவர்கள் சொல்வதே முடிவு. கேட்புப்பொறி ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, அவரவர் மொழியில் கேட்கும்.

கேட்டிருந்தது. அழைப்பை எடுத்த மூவாயிரத்து நூற்றிருபது பேரும் வேண்டாம் என்றிருந்தார்கள். கப்பல் நங்கூரத்தைத் தூக்கத் தொடங்கியிருந்தது.

பூங்கோதை சரக்கு இறக்கும் மேடைக்கு ஓடினாள். கிரேன் ஓட்டுநர் மரியசூசை எஞ்சினிலிருந்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சூசைண்ணே, பொறி கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"எங்களுக்குத் தண்ணி இருக்குங்க, வேளாங்கண்ணிப் பக்கம் பாவம், அங்க குடுங்கன்னேன்."

"வேளாங்கண்ணிக்காரங்க நாகைக்குக் குடுங்கன்னு சொல்லியிருக்காங்க."

"நல்ல மனுசங்க, மேடம்."

"வீட்டுல அக்காவுக்கு இன்னைக்குத்தானே டயாலிசிஸ்?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "நாலு மணிக்கு. ஆஸ்பத்திரித் தொட்டியில உப்புத் தண்ணி ஏறிடுச்சாம். மிஷினை நிறுத்திட்டாங்க. போன தடவையே நடக்காமப் போச்சு. காலெல்லாம் வீங்கிக் கிடக்கா."

"அப்புறம் ஏன்ணே வேணாம்னீங்க?"

"எடுத்ததும் கையை நீட்ட முடியுமா மேடம்? கல்யாண வீட்டுலயே சோறு போடவான்னு மூணு தடவை கேப்பான். இவன் ஒரு தடவை கேட்டுட்டுப் பொசுக்குனு போனை வெச்சிட்டான். இன்னொரு தடவை கூப்பிடுவான்னு காத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் வந்த வழியே ஓடினாள். கேட்கும் முறையில் குறை தென்பட்டால், காரணத்தை எழுதித் திருத்தத் துறைமுக அதிகாரிக்கு இருபத்திரண்டாம் பிரிவு இடம் கொடுக்கிறது. 'மூன்று முறை கேட்கவும்' என்று எழுதியிருக்கலாம். கப்பல் திரும்பிக்கொண்டிருந்த அவசரத்தில் கை வேறொன்றை எழுதிவிட்டது: 'இவ்வூரில் வேண்டாம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதைச் சம்மதமாகக் கொள்க.'

பொறி ஒரு நொடி யோசித்தது. மூவாயிரத்து நூற்றிருபது மறுப்புகளும் தேவைகளாக மாறின. ஒன்பதாவது நிமிடம் எல்லா அனுமதிகளும் கிடைத்தன. கப்பல் துறைமுகத்தை நோக்கி மூக்கைத் திருப்பியது.

இரண்டே காலுக்கு மரியசூசை தன் கையாலேயே நீர்தேற்றியை இறக்கினார். ஆஸ்பத்திரித் தொட்டியைக் கழுவி நிரப்ப இரண்டு மணி நேரம் ஆனது. நாலரைக்கு அவர் மனைவி செபஸ்தியம்மாளின் கையில் ஊசி ஏறியது. இயந்திரம் சீராக ஓடும் சத்தத்தைக் கேட்டபடி, அவர் வராந்தாவிலேயே தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிப்போனார்.

நான்காம் நாள் காலையில் இன்னொரு கப்பல் வந்தது. பூங்கோதை சரக்குப் பட்டியலைத் திறந்தாள். கம்பளிக் கோட்டுகள், பன்னிரண்டாயிரம்.

ஊரே வேண்டாம் என்றிருந்தது; பொறி அதைச் சம்மதமாகப் பதிந்திருந்தது. 'வேண்டாம்' என்று பொறியில் தட்டினாள்.

'தங்கள் ஊர் மரபை அறிவோம். தயங்காமல் பெற்றுக்கொள்ளுங்கள்' என்றது பொறி.

'உண்மையாகவே வேண்டாம்.'

'மிக்க மகிழ்ச்சி. இறக்கப்படுகிறது.'

மேடையில் மரியசூசை கிரேன் கூண்டுக்குள் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார். "மேடம், மார்கழிக்கு ஆகும்!"

கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த செபஸ்தியம்மாள் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கால் வீக்கம் வடிந்து, செருப்பு போட்டு நடந்து வந்திருந்தாள். பூங்கோதை புதிய திருத்தத்தை எழுதிக்கொண்டிருந்தாள்: 'ஒருவர் வேண்டாம் என்றால், அதை வேண்டாம் என்றே கொள்க.'

"டீ இருக்கு. ஊத்தவா?"

"வேணாம்க்கா. இப்பதான் குடிச்சேன்."

அதற்குள் டம்ளர் நிறைந்து மேசைக்கு வந்துவிட்டது. பூங்கோதை காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். எழுதிய வரியை மெதுவாக, எழுத்தெழுத்தாக அழித்தாள்.