பூட்டனுக்கு வைத்த கண்கள்

திரையில் திறந்திருந்த கண்கள் பிரிண்டில் மூடியிருந்தன.

சிவசங்கரிக்கு இது புதுசு. வண்டிப்பெரியாறு கடைத்தெருவில் வீட்டின் முன்னறையிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். எஸ்டேட் ஜனங்கள் கொண்டுவரும் செத்தவர்களின் போட்டோவில் மூடிய கண்ணைத் திறந்து, கலைந்த தலையைச் சீவி, மாலை போடுகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இந்த வேலைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. செத்தவருக்குச் செத்தவரின் கண்ணைத்தான் எடுத்து வைக்கலாம். உயிரோடிருப்பவர் கண்ணைத் தொடக் கூடாது. ஏனென்று அவள் கேட்டதில்லை.

இந்தப் படம் மரியஜோசப் கொண்டுவந்தது. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன். அவனுடைய பூட்டனை, தாத்தாவின் அப்பாவை, வெள்ளைக்காரன் அந்தமானுக்குத் தண்டனைக் கைதியாகக் கப்பலேற்றினான். மனுஷன் திரும்பவே இல்லை. அங்கே கைதிகள் தேங்காய் மட்டை அடிப்பதை எந்தத் துரையோ பிடித்த படம் இப்போது நெட்டில் கிடைத்திருந்தது. கழுத்தில் நம்பர் பலகையோடு எல்லாரும் கேமராவைப் பார்க்க, பூட்டன் மட்டும் கண்ணை மூடிவிட்டார், பாவம்.

"உடம்புதான் வரலக்கா. முகத்தையாவது பெட்டியில வச்சு நம்ம கல்லறையில அடக்கம் பண்ணிருவோம். கண்ணு தெரியாம எப்படிக்கா ஊரு வந்து சேருவாரு? சர்ச்சு சாமியாரு பெட்டிய மந்திரிக்கச் சம்மதிச்சிட்டாரு. சாயங்காலம் வாரேன்" என்றிருந்தான்.

கம்ப்யூட்டரில் இருந்த செத்தவர்களின் கண்களையெல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. எல்லாமே பிரிண்டில் மூடிக்கொண்டன. வெளியே மழையோடு மூடுபனி இறங்கிக் கடைத்தெருவை மறைத்தது. எரிச்சலில் அவள் புருஷன் வேல்முருகனின் பாஸ்போர்ட் படத்தைத் திறந்தாள். ஜீப் ஓட்டுகிறவர், காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தார். கண்தானே, எடுத்தால் தேய்ந்தா போகும்?

இந்தத் தடவை பிரிண்டிலும் பூட்டன் பார்த்தார்.

நிம்மதியாக மூச்சை இழுத்தபோது உப்புத் தண்ணீரில் ஊறி அழுகிய மட்டையின் வாடை மூக்கில் ஏறியது; சாக்கடை அடைத்திருக்குமென்று ஜன்னலைச் சாத்தினாள்; மழைச் சத்தம் அடங்கியதும், அதற்கு அடியில் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது போல, பல கைகள் ஒன்றாக மட்டை அடிக்கும் சோர்ந்த சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது.

"சங்கரி, லைட்டப் போடேன்."

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. வேல்முருகன் உள்ளறைக் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். இமைகள் ஒட்டியிருந்தன.

"கண்ணத் தொறங்க."

"தொறந்துதான இருக்கேன்." அவர் கையை முன்னால் நீட்டித் துழாவினார். "கடல் தெரியுது. என்னச் சுத்தி மட்டை அடிக்காங்க. நீயும் தெரியிற. ரொம்பத் தூரத்துல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்."

படத்தைப் பார்த்தாள். ஒரே தலையணையில் இத்தனை வருஷம் பார்த்த கண்கள். பயந்துபோயிருந்தன. அவளைத்தான் பார்த்தன.

திரையில் கண்களை அழித்தாள். பிரிண்டில் போகவில்லை. பூட்டனின் பழைய மூடிய இமைகளைத் திரும்ப வைத்தாள். மாறவில்லை. கிழிக்கலாமா? விரல்கள் தாளின் ஓரத்தைப் பிடித்தன. கிழித்தால்? யார் கண்?

கதவு தட்டும் சத்தம்.

குடையை மடக்கிக்கொண்டு மரியஜோசப் உள்ளே வந்தான். அவன் வந்த ஜீப்பில் சின்னச் சவப்பெட்டி ஒன்று திறந்திருந்தது.

"இன்னும் முடியலப்பா. தர மாட்டேன்."

"முடிஞ்சிருச்சேக்கா!" அவள் கையிலிருந்ததை அவன் மெதுவாக வாங்கினான். முதலில் அவள் விடவில்லை; இழுத்தால் தாள் கிழியும் என்ற பயத்தில் பிடியைத் தளர்த்தினாள்.

"பூட்டா…" அவன் முகம் உடைந்தது. குழந்தை மாதிரி விம்மி, படத்தின் கண்களில் உதட்டை அழுத்தி முத்தமிட்டான்.

"சங்கரி, யாரு அழுகது?" என்றார் வேல்முருகன். மூடிய இமைகளைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க அவை நனைந்துகொண்டே இருந்தன.