ஏற்கெனவே ஏறிவிட்டவர்

யுகிஹாரா நகரில் காலை ஏழு மணி என்பது பதிலாட்களை ரயிலுக்கு அனுப்பும் நேரம். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தோடு வந்து, தன் பதிலாளின் மழைக்கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, கழுத்தில் அடையாள நாடாவை மாட்டி, முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். அது படியிறங்கிப் பனியில் நடக்கத் தொடங்கியதும் கதவு சாத்திக்கொள்ளும். மனிதர் உள்ளே போய், சூடேற்றிய மேசையின் போர்வைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு அன்றைய வேலையைத் திறப்பார். வெளியே நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் ஒற்றை வரிசையில் நிலையத்தை நோக்கிப் போகும். ரயில் ஏறி நகர மையத்துக்குப் போய்த் திரும்பும். மறுபடியும் போகும். மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று மின்னூட்டிக்கொள்ளும். அவற்றில் ஒன்றுக்கும் நகரத்தில் எந்த வேலையும் கிடையாது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஞானதுரை. தூத்துக்குடியிலிருந்து முப்பது வயதில் ஹொக்கைடோத் தீவுக்கு வந்து, இருபத்தாறு வருடங்களாக யுகிஹாரா சுரங்க ரயிலின் டயர் பட்டறையில் பரிசோதகராக இருப்பவர். அந்த ரயிலுக்கு இரும்புச் சக்கரங்கள் இல்லை. நடுவில் ஓடும் ஒற்றை வழிகாட்டித் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு, இருபுறமும் ரப்பர் டயர்களில் ஓடும். சத்தம் குறைவு, மேட்டில் வழுக்காது. ஆனால் ரப்பருக்குப் பனி ஆகாது. அதனால் தடம் பூமிக்கு மேலே வரும் இடங்களிலெல்லாம் அலுமினியக் கூடு போட்டு மூடியிருந்தார்கள். வெளியே இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி கிடந்தாலும் கூட்டுக்குள் ரயில் நேரம் தவறாமல் வந்துபோகும்.

வந்துபோகாமல் நின்றுவிடுமோ என்பதுதான் கடைசி நிலையமான ஒகுமாட்சுவில் எல்லோருக்கும் இருந்த கவலை. மூன்று வருடங்களுக்கு முன் வழித்தட ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பேருக்குக் குறைவாக ஏறும் நிலையம் மூடப்படும். ஒகுமாட்சுவில் அப்போது ஏறியவர்கள் இருநூற்றுப் பத்துப் பேர். மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள், வீட்டுக்கே வரவழைத்துச் சாப்பிட்டார்கள். பனி விழும் ஐந்து மாதங்களில் பலர் வாசலையே தாண்டுவதில்லை.

அந்த இருநூற்றுப் பத்தில் ஒருத்தி ஞானதுரையின் மனைவி சுகிர்தா. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்து நான்கு வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, நகர மைய மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும். பனிக்காலத்தில் சாலையை நம்ப முடியாது. நிலையம் மூடினால் அவளுக்கு வழியே இல்லை. ஒகுமாட்சுவில் அவளைப்போல இன்னும் முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.

ஞானதுரை யோசித்தார். ரயில் பயணிகளை இரண்டு விதமாக எண்ணுகிறது. வாசல் தடுப்பு, மணிக்கட்டுத் தோலுக்கடியில் அரிசியளவில் பதித்த அடையாளச் சில்லைப் படிக்கிறது. பெட்டியின் அடியில் இருக்கும் காற்றுப் பைகள், ஏறிய எடையை அளக்கின்றன. இரண்டும் ஒத்துப்போனால் பயணி உண்மை. முதியோர் இல்லங்கள் கழித்துப்போட்ட பழைய தூக்கிவிடும் இயந்திரங்கள் ஊரில் கேட்பாரற்றுக் கிடந்தன. நடக்கத் தெரிந்தவை, கைப்பிடியைப் பிடிக்கத் தெரிந்தவை. அவற்றின் வயிற்றுப் பெட்டியில் ஆற்று மணலை நிரப்பி மனித எடைக்குக் கொண்டுவந்தார். சில்லுகளுக்கு நகல் எடுத்து நாடாவில் கோத்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஹமதானி, ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி, முதலில் தயங்கினார். பிறகு அவரே வீடு வீடாகப் போய்ப் பேசினார். ஆறு மாதத்தில் ஒகுமாட்சுவின் எண்ணிக்கை ஆயிரத்து நானூறைத் தாண்டியது. நிலையம் பிழைத்தது.

ரயிலை நடத்துவது ஒரு கற்றறி. பயணிகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் நிரல் அது. பெரும்பாலான பயணிகள் உட்காருவதே இல்லை என்று கண்டது. அந்த வருடம் இருக்கைகளைக் கழற்றச் சொன்னது. குளிரில் யாரும் கதவருகிலிருந்து விலகுவதில்லை என்று கண்டது, வெப்பமூட்டிகளை அணைத்தது. நடைமேடைப் பெஞ்சுகளும் போயின. உதவிக்கு அழைக்கும் பொத்தானை ஒரு வருடமாக யாரும் அழுத்தாததால் நிலைய ஊழியரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புகார் சொன்னவர்கள் சிலர். ஆயிரத்து நானூறு பேரில் அது ஒரு விழுக்காடுகூட இல்லை.

சுகிர்தா மடக்கு நாற்காலி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். தன் பதிலாளை அவள் ‘சின்னவ’ என்று கூப்பிடுவாள். மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் சின்னவளுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் அது சுகிர்தாவின் வழியிலேயே போய், மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கி, நான்கு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பும். பார்ப்பதற்கு இயல்பாக இருக்கவேண்டும் என்று ஞானதுரை அப்படிப் பதிந்து வைத்திருந்தார்.

ஜனவரி மாதத்தின் மூன்றாவது வாரம் புயல் அடித்தது. புதன்கிழமை காற்றில் கூட்டின் ஒரு தகடு பிய்ந்துபோனதால் ரயில் ஓடவில்லை. வெள்ளியும் ஓடவில்லை. சுகிர்தாவின் கால்கள் வீங்கின. மூச்சுவிட முடியாமல் தலையணையில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனை சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவளுக்கு இடம் ஒதுக்கியது. எப்படியாவது வந்துவிடுங்கள், இனியும் தள்ள முடியாது என்று செவிலி இரண்டு முறை சொன்னாள்.

சனிக்கிழமை காலை ரயில் ஓடத் தொடங்கியது. ஞானதுரை ஆறு மணிக்கே எழுந்து கஞ்சி வைத்தார். ஏழு மணிக்கு வாசலில், புறப்படும் நேரத்தைச் சொல்லும் மெல்லிய மணியோசை கேட்டது. அவர் கரண்டியோடு போய் நாடாவை மாட்டி, கதவைத் திறந்துவிட்டு, அடுப்புக்குத் திரும்பினார். எதை அனுப்பினோம் என்று அவர் யோசிக்கவில்லை. சனிக்கிழமை எப்போதும் சின்னவள் போகும் நாள்.

எட்டு மணிக்குச் சுகிர்தாவைச் சறுக்குப் பலகையில் உட்காரவைத்து, இரண்டு கம்பளிகளைச் சுற்றி, நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நானூறு அடி தூரத்தைக் கடக்க அரைமணி ஆயிற்று. தடுப்பின் முன் அவள் கையை நீட்டினாள். கதவு திறக்கவில்லை. இதமான பெண் குரல் ஒன்று, இந்தப் பயணி ஏற்கெனவே ஏறிவிட்டார், ஒரே ஆள் இரண்டு முறை ஏற முடியாது என்றது. இரண்டாவது முறை கையை நீட்டியபோது, போலி அடையாளம் பயன்படுத்துவது குற்றம் என்று சொல்லி, அவளுடைய சில்லை ஆறு மணி நேரத்துக்கு முடக்கியது.

ஞானதுரைக்கு அப்போதுதான் புரிந்தது.

சுகிர்தா மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

“நான் போயிட்டேன்னுல்லா சொல்லுது. அப்பம் இங்க உக்காந்திருக்கது யாரு?”

“நான்தான் அனுப்பிட்டேன், சுகிர்தா. பழக்கத்துல கதவத் தொறந்துட்டேன்.”

“தெரியும். கதவுச் சத்தம் கேட்டுச்சு. எனக்கும்தான் தோணல.”

அவர் அவசர எண்ணை அழைத்தார். அங்கும் ஒரு குரல்தான் பேசியது. புயல் நாட்களில் ஆம்புலன்ஸ் குடியிருப்புகளுக்கு வராது, நோயாளியை ரயிலில் ஏற்றி அனுப்புங்கள், ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றது. ஹமதானியை அழைத்தார். ஹமதானி பதறிப்போய், பனி அள்ளும் வண்டிக்குச் சொல்கிறேன் என்றார். வண்டி மலைப்பக்கம் போயிருந்தது.

ஞானதுரை மனைவியைத் தூக்கித் தடுப்பைத் தாண்டி உள்ளே இறக்கினார். போலி அடையாளக்காரரின் துணை என்று சொல்லி அவர் சில்லுக்கும் கதவு திறக்கவில்லை; அவரும் ஏறிக் குதித்தார். ஐம்பத்தாறு வயதில் அவர் அப்படிக் குதித்ததில்லை. முழங்கால் தரையில் மோதி ரத்தம் கசிந்தது. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடைமேடைக்கு வந்தார். கூட்டின் வளைவில் ரயிலின் விளக்கு தெரிந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது. நடைமேடையில் அனுமதியில்லாத ஆள் இருந்தால், அவர் வெளியேறும்வரை எந்த ரயிலும் நிலையத்துக்குள் வரக்கூடாது என்பது பாதுகாப்பு விதி.

முந்நூறு அடி தூரத்தில், விளக்கெரிந்த பெட்டிகளுக்குள் பதிலாட்கள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தன.

அவளோடு வெளியே போனால் ரயில் வரும். ஆனால் அவளால் ஏற முடியாது. உள்ளே இருந்தால் ரயில் வராது. வெப்பமில்லாத நடைமேடையில், பெஞ்சு இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து, அவளை மடியில் கிடத்திக்கொண்டார். அழைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். பத்து மணிக்குமேல் அவள் பேச்சு தெளிவாக இல்லை. கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கினீர்களா என்று கேட்டாள். இறக்கிவிட்டேன் என்றார். பன்னிரண்டரை மணிக்குப் பிறகு எப்போதோ அவள் போய்விட்டாள். இரண்டு காவலர்கள் பனி வாகனத்தில் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. அவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு, அவரையும் எழுப்பி வெளியே அழைத்துப் போனதும், வளைவில் நின்ற ரயில் உள்ளே வந்தது.

பத்து நாள் கழித்து ஆணையத்தின் விசாரணைக்குப் போனார் ஞானதுரை. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவள் தொமிசாகா என்ற அதிகாரி. நாற்பது வயது இருக்கும். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். சுகிர்தா அன்று காலை ஏழு பன்னிரண்டுக்கு ஒகுமாட்சுவில் ஏறியிருக்கிறாள். ஏழு நாற்பதுக்கு மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறாள். பிற்பகலில் திரும்பியிருக்கிறாள். ரயில் கிடைக்காததால் மரணம் என்று எழுத இதில் இடமே இல்லை.

அது இயந்திரம், மணல் நிரப்பிய இயந்திரம், செய்தவன் நான்தான் என்று அவர் மறுபடியும் சொன்னார்.

தொமிசாகா குரலைத் தாழ்த்தினாள். “எனக்குத் தெரியும், ஞானதுரை சான். மனிதர்கள் நின்றால் வளைவில் எடை இப்படியும் அப்படியும் மாறும். டயர் ஒரே சீராகத் தேயும். மூட்டைகள் நின்றால் வெளி ஓரம் மட்டும் தேயும். அந்தத் தேய்மான அறிக்கையில் கையெழுத்துப் போடுவது நீங்கள். இரண்டு வருடமாக அதைப் படிப்பது நான்.”

அவர் தலை குனிந்தார்.

ஒகுமாட்சு மட்டுமல்ல, எல்லா நிலையங்களிலும் இதுதான் நடக்கிறது என்றாள் அவள். எண்ணிக்கை இருக்கும்வரை தடம் இருக்கும். தடம் இருக்கும்வரை பட்டறை இருக்கும், இந்த அலுவலகம் இருக்கும். யார் போய்ச் சொல்வார்கள்?

“நீங்கள் சொன்னதை அப்படியே பதிவு செய்தால் நாளைக்கே ஒகுமாட்சு மூடப்படும். செய்யட்டுமா?”

சுகிர்தாவோடு பக்கத்துப் படுக்கைகளில் படுத்திருந்த முப்பத்தொரு பேர் அவர் நினைவுக்கு வந்தார்கள். சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் வேண்டாம் என்றார். விசாரணை முடிந்தது.

ஆனால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பிப்ரவரி முதல் ஞாயிறு, மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் ஹமதானி கூட்டம் கூட்டினார். எழுநூறு பேர் வந்திருந்தார்கள். ஞானதுரைக்கு ஜப்பானிய மொழியில் மேடைப் பேச்சு வராது. நடந்ததை மட்டும் சொன்னார். கதவைத் திறந்துவிட்டது தான்தான் என்பதையும் சொன்னார். இனி நாமே ஏறுவோம், பாதிப் பேர் ஏறினாலே போதும், இருக்கை திரும்ப வரும், வெப்பம் திரும்ப வரும், நிலையத்தில் ஆள் இருப்பார் என்று கேட்டுக்கொண்டார். பல பேர் அழுதார்கள். கைதூக்கச் சொன்னபோது தூக்காத கை ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலை ஐந்நூற்று நாற்பது பேர் நிலையத்துக்கு வந்தார்கள். ஒரே தெருவில் பத்து வருடம் இருந்தவர்கள் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்து வணங்கிக்கொண்டார்கள். குடுவையில் தேநீர் கொண்டுவந்து பகிர்ந்தார்கள். ரயில் வளைவில் திரும்பியபோது எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சிரித்தார்கள். ஞானதுரை பட்டறைக்குப் போய், அன்று மாற்றிய டயரின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

இரண்டாவது வாரம் முந்நூறு பேர். பெட்டிக்குள் குளிர் அதிகம் என்றார்கள். முழங்கால் வலி என்றார்கள். காலையில் ஒரு சந்திப்பு இருக்கிறது, இன்று மட்டும் பதிலாள் வருகிறது என்றார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பிப்ரவரி முடிவில் அறுபது பேர். மார்ச் நடுவில், மருத்துவமனைக்குப் போகிறவர்களையும் பட்டறைக்காரர்களையும் விட்டால், ஹமதானியும் ஞானதுரையும் மட்டும் இருந்தார்கள். பிறகு ஹமதானிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. விடுமுறை நாட்களிலும் ஞானதுரை விடாமல் போனார். மருத்துவமனை நிறுத்தம்வரை நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பினார்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் பனி கொட்டியது. ஜன்னலின் பாதிவரை வெள்ளையாக இருந்தது. அவருக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. பட்டறையும் விடுமுறை. போய்ச் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. அவர் எழுந்துபோய், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற தன் பதிலாளுக்கு நாடாவை மாட்டிக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு ஹமதானிக்குச் செய்தி அனுப்பினார்: உடம்பு சரியில்லை, இன்று ஒரு நாள் மட்டும் என் பதிலாளை அனுப்பிவிட்டேன், மன்னிக்கவேண்டும்.

ஹமதானியின் பதில் உடனே வந்தது. ‘நன்றாக ஓய்வெடுங்கள். கவலை வேண்டாம். இன்றைய எண்ணிக்கை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.’

அதைப் படித்ததும் ஞானதுரைக்கு நிம்மதியாக இருந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.