முழங்கால் அளவுத் தண்ணீர்

ஞாயிறு மத்தியானம் ராயப்பேட்டை அலுவலகத்துக்கு நான் மட்டும் போனேன். வெளியே மழை பிடித்திருந்தது. கணினியைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் குப்பென்று அடித்தது. எலி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் தெருவுக்கு அடியில் ஓடும் ஆள் உயரப் பழைய குழாயைக் கணினியில் வரைந்து, மழை வந்தால் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டவன் நான். சுவர் சொரசொரப்பு என்று கொடுத்தால் கணக்கு முடிய இரண்டு நாள் ஆகும். அவசரத்தில் 'வழவழப்பு' என்று கொடுத்துத் தொலைத்தேன். வழவழப்பில் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும், ஏறாது. முழங்கால் அளவுதான் என்று அறிக்கை போனது. அதை நம்பிக் குழாய்க்குள் இறங்கிய தொழிலாளி நாகராஜ் போன மாதம் மூழ்கிச் செத்தார். நான் வாயே திறக்கவில்லை. பாவி!

அந்த ஞாயிறு உண்மையான சொரசொரப்பைக் கொடுத்து, நாகராஜ் இறங்கிய அந்த ஒரு துண்டை மட்டும் ஓட்டினேன்.

பதினோரு நிமிடத்தில் கணக்கு முடிந்தது. கூரைவரை தண்ணீர்.

போன் அடித்தது. ஒப்பந்தக்காரர் அலுவலகத்து ஷீலா.

"சார், நாகராஜ் தம்பி தமிழ்மாறன் இப்பதான் அதே குழாய்ல எறங்குனான். மழ வலுக்குது. முழங்காலுக்கு மேல வராதுல்ல?"

"ஐயோ, மேல ஏறச் சொல்லு! ஷீலா!"

லைன் செத்துவிட்டது. மறுபடி அடித்தேன். மறுபடி. யாரும் எடுக்கவில்லை.

திரையில் கணக்கு தானாக மறுபடி ஓடியது.

தண்ணீரைக் காட்டும் நீலம் பாதிக் குழாயில் நின்றது. அங்கே நான் வரையாத ஒன்று குறுக்கே இருந்தது.

அழித்தேன்.

திரும்ப வந்தது. விரித்த இரண்டு கைகள். ஒரு முதுகு.

போன் அடித்தது. தமிழ்மாறன்!

"சார்... மேல வந்துட்டேன்."

எனக்கு அழுகை பீறிட்டது. "தண்ணி வரலியாப்பா?"

"வந்துச்சு சார். அண்ணன் குறுக்க முதுகு குடுத்து நின்னுகினு கீறாரு. ஏறுடான்னாரு." மூச்சு வாங்கினான். "உங்களாண்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு."

"என்ன?"

"இன்னும் எம்மா நேரம் புடிச்சிக்கினு நிக்கணுமாம்? கை வலிக்குதாம் சார்."

போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. அந்தக் குழாய் இன்னும் நிரம்பவில்லை.